குளத்து நீரில் பூச்சிமருந்து இருப்பதை ஒளி காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டிக் குளம், அதன் மூன்று பக்கமும் நெல் வயல். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்த சமயத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. மழை விட்ட மறுநாள் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன. வயல் மருந்துதான் காரணம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மருந்தடித்தவர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் என் தங்கை மகன் ஒரு காணொளியைக் காட்டினான். சின்ன அட்டையில் தண்ணீரைச் சொட்டு விட்டுக் கைபேசியில் படம் எடுத்தால், பூச்சிமருந்து இருக்கிறதா இல்லையா என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுமாம். எங்கள் மகளிர் குழுப் பணத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கண்ணுக்கே தெரியாத மருந்தை வெளிச்சமும் நிறமும் எப்படிக் கண்டுபிடிக்கும்? குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பம்புத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, அந்த அட்டையை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தத் தொழில்நுட்பம் உண்மையானதுதான். ஆனால் உங்கள் குளத்தைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு அதனிடம் பதில் இருக்காது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால், செத்த மீன்களிடமிருந்தே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவா? பெரிய மீன்கள் முதலில் செத்தனவா? அப்படியானால் முதல் சந்தேகம் ஆக்சிஜன் குறைவின் மீது. இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். மழையோடு வந்து சேர்ந்த சேறும் செத்தையும் மக்கும்போது மீதியையும் இழுத்துவிடும். மருந்தால் வரும் சாவு வேறு மாதிரி இருக்கும். அது நேரம் காலம் பார்க்காது. குஞ்சுகளும் சிறு மீன்களும் முந்திப் போகும். மீன்கள் துடித்து, நிலை தடுமாறிச் சுற்றிச் சுற்றி நீந்தும். தண்ணீரில் ஓடித் திரியும் சிறு பூச்சிகளும் கூனி இறாலும் கூடவே காணாமல் போகும், ஏனென்றால் பூச்சிக்கென்று செய்த மருந்து முதலில் பிடிப்பது அவற்றைத்தான். இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் குளத்தை முதலில் பார்த்தவர்களிடம் இவற்றைக் கேட்டு, மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு வரும் எந்தப் பரிசோதனைக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

இனி அட்டைக்கு வருகிறேன். முதலில் எவ்வளவு சிறிய அளவைத் தேடுகிறோம் என்று பாருங்கள். உங்கள் குளம் இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேர் என்றும், ஆழம் ஒரு மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அதில் நிற்பது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அதில் ஒரே ஒரு கிராம் மருந்து முழுதாகக் கலந்தால் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரும். குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் அதைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு இதுதான். எல்லா மருந்தும் சேர்ந்து 0.5. நம் நாட்டில் கடையில் விற்கும் பாட்டில் தண்ணீருக்கும் இதே வரம்பு உண்டு. 2003-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் இருப்பதை வெளியிட்டு நாடே அதைப் பேசியதற்குப் பிறகு வந்த விதி அது. ஆனால் பொதுவான குடிநீருக்கு ஐ.எஸ். 10500 என்ற தரக்குறியீடு (2012) மருந்துக்கு ஒரு வரம்பு சொல்கிறது: லிட்டருக்கு மெத்தில் பாரத்தியான் 0.3 மைக்ரோகிராம், மோனோகுரோட்டோபாஸ் 1, குளோர்பைரிபாஸ் 30, மாலத்தியான் 190. பாட்டிலில் குடிப்பவருக்கு ஒரு வரம்பும் குழாயில் குடிப்பவருக்கு இன்னொரு வரம்பும் ஒரே நாட்டில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தனிப் பேச்சு.

நம் வயல்களில் பல ஆண்டுகள் புழங்கிய 36 சதவீத மோனோகுரோட்டோபாஸ் முப்பது மில்லிக்கும் குறைவாக விழுந்தாலே, அந்த ஒரு கோடி லிட்டரும் ஐ.எஸ். 10500 வரம்பைத் தொட்டுவிடும். தெளித்து முடித்த கையோடு தெளிப்பானைப் படித்துறையில் அலசுவதையும், காலி டப்பாவைக் குளத்தில் முக்கிக் கழுவுவதையும் ஊர்க் கூட்டம் போட்டாவது நிறுத்தச் சொல்வது இதனால்தான். மீன்களுக்கு வரம்பு இன்னும் கீழே. பைரித்ராய்டு வகையில் சில மருந்துகள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மீனைக் கொன்றுவிடும்.

இவ்வளவு சிறிய அளவை ஒளி எப்படிப் பார்க்கும் என்கிறீர்கள். நேராகப் பார்ப்பதில்லை. பெரும்பாலான மருந்துகளுக்கு நிறமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். குளத்திலோ இலை தழை மக்கிக் கரைந்த கரிமப் பொருள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. மருந்தைவிட ஆயிரம், பத்தாயிரம் மடங்கு அதிகமாக இருக்கும் அதுவும் அதே புற ஊதாவைத்தான் உறிஞ்சுகிறது. எனவே மருந்து தொட்டதும் மாறிவிடக்கூடிய ஓர் இடையாளை நீரில் வைக்கிறோம். இடையாளிடம் வரும் மாற்றத்தை ஒளி படிக்கிறது. ஒளி உணரிகள் எல்லாவற்றுக்கும், மிகச் சிலவற்றைத் தவிர, இதுதான் அடிப்படை. ஒளியை அளப்பது இன்று மலிவாகிவிட்ட காரியம். இடையாள் யார், அவருக்கு எந்த மருந்தைத் தெரியும், குளத்து நீரில் அவர் தடுமாறாமல் நிற்பாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் பார்த்த அட்டையில் இருக்கும் இடையாள் பெரும்பாலும் ஒரு நொதி. அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்று பெயர். நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் பொருளை, வேலை முடிந்ததும் உடைத்து அப்புறப்படுத்துவது நம் உடம்பிலும் பூச்சியின் உடம்பிலும் இதன் பணி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகை மருந்துகளும் இந்த நொதியைக் கட்டிப்போட்டுத்தான் பூச்சியைக் கொல்கின்றன. தெளிப்பவர் மயங்கி விழுவதும் அதனால்தான். கொல்லும் வழியையே கண்டுபிடிக்கும் வழியாக மாற்றிக்கொண்டார்கள். 1961-ல் ஜார்ஜ் எல்மன் வெளியிட்ட முறையில், நொதி உயிரோடு வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். அந்த மஞ்சளை 412 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். மருந்து இருந்தால் மஞ்சள் ஏறாது. ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைக்கக்கூடியது என்பதால், ஒன்றே ஒன்று முடங்கினாலும் அத்தனை நிறமும் வராமல் போகும். கொஞ்சம் மருந்து பெரிய வித்தியாசமாகத் தெரிவது அந்த வேகத்தால்.

அட்டை வடிவத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விரல் நீள அட்டையில் ஒரு வெள்ளை வட்டு, ஒரு சிவப்பு வட்டு. வெள்ளையில் உலர்ந்த நொதி, சிவப்பில் நிறம் தரும் வேதிப்பொருள். வெள்ளை வட்டில் தண்ணீரைச் சொட்டு விட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். மருந்து இருந்தால் அந்த நேரத்தில் அது நொதியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அட்டையை மடித்து, இரண்டு வட்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடம்புச் சூட்டில்தான் நொதி நன்றாக வேலை செய்யும், அதற்காகத்தான் விரல். திறந்து பார்த்தால் வெள்ளை வட்டு நீலமாகியிருந்தால் நொதி பிழைத்திருக்கிறது. வெள்ளையாகவே கிடந்தால் அது முடங்கிவிட்டது. பக்கத்திலேயே தூய நீர் விட்ட இன்னொரு அட்டையும் இருக்க வேண்டும். அது நீலமாகாவிட்டால் அட்டையே கெட்டுப்போனது. நம் ஊர் வெயிலில் கடை அலமாரியில் கிடந்த நொதிக்கு இது அடிக்கடி நடக்கும். மருந்தே இல்லாத நீரையும் அந்த அட்டை மருந்து இருப்பதாகச் சொல்லிவிடும்.

இந்த அட்டைகள் காய்கறிக்கென்று செய்யப்பட்டவை. கீரையிலும் கத்தரிக்காயிலும் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் ஒட்டியிருக்கும் மருந்தைக் காட்டத்தான் அவை. தண்ணீரில் நாம் தேடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் அட்டை நீலமானால், "மருந்து நிறைய இல்லை" என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம். குடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

இன்னொரு சங்கதி இதைவிட முக்கியம். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவற்றின் மூலக்கூறில் பாஸ்பரஸோடு கந்தகம் கோத்திருக்கும். இந்த வடிவத்தில் அவை நொதியைச் சரியாகப் பிடிப்பதில்லை. பூச்சியின் உடம்புக்குள் போனபிறகு கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறி, அந்த மாறிய வடிவம்தான் கொல்கிறது. ஆய்வகத்தில் இந்த மாற்றத்தை முதலில் செய்துவிட்டு, அதாவது புரோமின் நீர் போன்ற ஏதாவதில் ஆக்சிஜனேற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் நொதியிடம் கொடுப்பார்கள். காணொளிகளில் இந்தப் படியைக் காட்டுவதே இல்லை. இந்தப் படியை விட்டுவிட்டால் குளோர்பைரிபாஸ் கலந்த தண்ணீரும் நல்ல நீலத்தைக் காட்டும்.

அதோடு, உங்கள் வயல்களில் இப்போது அடிப்பது என்ன என்பதைக் கவனியுங்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல். அது நொதிப் பக்கமே போகாது, பூச்சியின் தசையில் கால்சியத்தை வெளியே விட்டு முடக்குகிறது. புகையானுக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் நரம்பில் வேறொரு இடத்தைப் பிடிக்கிறது. பைரித்ராய்டுகள் சோடியம் வாயிலைத் திறந்தே வைத்துவிடுகின்றன. நடவு முடிந்ததும் போடும் பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் களைக்கொல்லிகளுக்கும் நரம்புக்கும் சம்பந்தமே இல்லை. இவற்றில் ஒன்றையும் நொதி அட்டைக்குத் தெரியாது. உங்கள் குளத்தில் இவை எல்லாம் இருந்தாலும் அட்டை அழகாக நீலமாகும். ஊரில் பாதிப்பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பாருங்கள், ஒன்றுமே இல்லை" என்பார்கள். வாங்க வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னது அதனால்தான். தவறான நிம்மதி, சோதிக்காமல் இருப்பதைவிட ஆபத்து.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமரா தானாகவே வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் திருத்திவிடும். காலை வெயிலில் எடுத்த நீலமும் டியூப் லைட்டில் எடுத்த நீலமும் வேறு வேறு எண்ணாக வரும். அட்டையை இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, அதற்குள்ளேயே ஒரு விளக்கும், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிறக்கட்டமும் இருந்தால் கைபேசி நல்ல அளவுகருவிதான். வெறுமனே மேசையில் வைத்துப் படம் எடுக்கச் சொல்கிற செயலி தரும் எண்ணை நம்பாதீர்கள்.

நொதியைத் தவிர வேறு இடையாட்களும் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு நம் சென்னையோடு நேரடித் தொடர்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2003 வாக்கில் தங்க, வெள்ளி நானோ துகள்களை வைத்துக்கொண்டு எண்டோசல்ஃபான், குளோர்பைரிபாஸ், மாலத்தியான் ஆகியவற்றை ஆராய்ந்தது. இருபது நானோமீட்டர் அளவில் பொடிந்த தங்கம் தண்ணீரில் மஞ்சளாக இருக்காது. ஒயின் சிவப்பாக இருக்கும். அது 520 நானோமீட்டர் அருகில் ஒளியை உறிஞ்சுகிறது. மருந்து வந்து ஒட்டித் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் உறிஞ்சும் இடம் நகர்ந்து கரைசல் ஊதாவாகி நீலமாகும். கருவியே வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். அதே துகள்கள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பதால் அந்த ஆராய்ச்சி வீட்டு வடிகட்டி வரைக்கும் போயிற்று. 2007-ல் சந்தைக்கும் வந்தது. இந்திய ஆய்வகத்தில் பிறந்த நானோ அறிவியல் சமையலறைக்குள் வந்த முதல் சில காரியங்களில் அதுவும் ஒன்று என்பதில் எனக்குப் பெருமை.

ஆனால் கண்டுபிடிக்கும் கருவியாக அதைக் குளத்தில் இறக்கினால் ஒரு தொல்லை. துகள்களைத் தனித்தனியாக வைத்திருப்பது அவற்றின் மேல் உள்ள எதிர் மின்னூட்டம். உப்பு சேர்ந்தால் அந்த மின்னூட்டம் மறைக்கப்பட்டு, மருந்தே இல்லாமல் துகள்கள் கட்டியாகி நீலமாகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர் நீரில் ஒரு சொட்டு போதும். உங்கள் கைப்பம்புத் தண்ணீர் கொஞ்சம் கடினநீராக இருந்தாலே தடுமாற்றம் வரும். அதனால் துகள்களின் மேல் பாதுகாப்புப் பூச்சு, மருந்துக்கென்றே தேர்ந்தெடுத்த டி.என்.ஏ. இழை என்று ஏதேதோ சேர்க்கிறார்கள். சேர்க்கச் சேர்க்க விலையும் ஏறும், செய்முறையும் நுணுக்கமாகும்.

ஒளிரும் கார்பன் புள்ளிகள், குவாண்டம் புள்ளிகள் என்று நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. புற ஊதா பட்டதும் நீலமாக ஒளிரும் துகள்கள், மருந்து வந்தால் மங்கும். உங்கள் தங்கை மகன் இவற்றைப் படித்தால் ஒன்றை மட்டும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்? வாலை வடித்த நீரில் மருந்தைக் கலந்து அளந்துவிட்டு, நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த எண்ணைத் தலைப்பில் போடும் கட்டுரைகள் ஏராளம். "ஆற்று நீரிலும் சோதித்தோம்" என்று ஒரு வரி இருக்கும். பார்த்தால், ஆற்று நீரை வடிகட்டி, பல மடங்கு நீர்த்துப்போகச் செய்து, அதில் தாங்களே மருந்தைக் கலந்து திரும்ப அளந்திருப்பார்கள். குளத்தில் மக்கிய கரிமப் பொருளும் புற ஊதாவில் நீலமாகவே ஒளிரும். துகளின் நீலம் எது, குளத்தின் நீலம் எது என்று பிரிப்பதுதான் உண்மையான வேலை. சேற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்து வடிதாளிலேயே தங்கிவிடும், அதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்படி எழுதுகிறவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் பிறந்த ஒன்று வயலுக்கு வர எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்தத் தூரத்தை நடந்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ரைன் நதிக்குப் போக வேண்டும். 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை ஒட்டிய ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே 1,300 டன்னுக்கு மேல் வேளாண் இரசாயனங்கள். தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு நதியில் இறங்கியது. நதி சிவந்தது. அந்தச் சிவப்பு கிடங்கில் இருந்த ஒரு சாயம். கொன்றது சாயமல்ல, நிறமே இல்லாத டைசல்ஃபோட்டான், தயோமெட்டான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள். கீழே 400 கிலோமீட்டர் வரை விலாங்கு மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த நதியிலிருந்து குடிநீர் எடுக்கும் ஊர்கள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வரிசையாக இருக்கின்றன. அந்த இரவுக்குப் பிறகு, நதிக்கரைக் கண்காணிப்பு நிலையங்களைப் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்று நாடுகள் ஒத்துக்கொண்டன.

அங்கே இறக்கப்பட்ட இடையாட்களில் எனக்குப் பிடித்தது பாசி. வெயிலை உறிஞ்சும் பச்சையம், தனக்குப் பயன்படாத ஒளியில் கொஞ்சத்தை அடர் சிவப்பாகத் திருப்பி விடுகிறது. 1931-லேயே ஹான்ஸ் கவுட்ஸ்கி இதைக் கவனித்து எழுதினார். அட்ரசின், டையூரான், ஐசோபுரோட்டுரான் போன்ற களைக்கொல்லிகள் ஒளிச்சேர்க்கையின் ஒரு குறிப்பிட்ட இடத்தை அடைத்துவிடுவதால் திருப்பி விடும் சிவப்பு கூடுகிறது. உயிருள்ள பாசிக்கு நதி நீரைக் கொடுத்து அதன் சிவப்பை விடாமல் அளந்துகொண்டிருந்தால், களைக்கொல்லி வரும்போது பாசியே சொல்லிவிடும். நம்மிடம் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் போடும் பெரம்பலூர் பக்கத்து ஓடைகளுக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். நெல்லுக்குப் போடும் பியூட்டாகுளோருக்கு இது உதவாது, அது ஒளிச்சேர்க்கையில் கை வைப்பதில்லை.

இன்னொன்று எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. பூச்சிமருந்து மூலக்கூறு மிகச் சிறியது, உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொள்ளாது. அதனால் அதை ஒரு பெரிய புரதத்தில் ஒட்டிச் செலுத்தி, எதிர்ப்பொருளை உருவாக்க வேண்டும். தொண்ணூறுகளில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகமும் மற்ற ஐரோப்பியக் குழுக்களும் சேர்ந்து ரியானா என்றொரு நதிநீர் ஆய்வியை உருவாக்கின. கண்ணாடித் தகட்டுக்குள் ஒளியை ஓட விடுவார்கள். அது வெளியே வராது, ஆனால் தகட்டின் மேற்பரப்புக்கு மேலே சில நூறு நானோமீட்டர் தடிமனுக்கு மட்டும் அதன் விளிம்பு கசிந்து நிற்கும். மேற்பரப்பில் மருந்தின் மாதிரி மூலக்கூறு ஒட்டப்பட்டிருக்கும். ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை நதி நீரோடு கலந்து மேலே ஓட்டுவார்கள். நீரில் மருந்து இல்லையென்றால் எதிர்ப்பொருள் எல்லாம் தகட்டில் போய் ஒட்டி ஒளிரும். மருந்து இருந்தால் எதிர்ப்பொருள் அதையே பிடித்துக்கொண்டு போய்விடும், தகடு மங்கும். ஒளி தகட்டை ஒட்டிய மெல்லிய படலத்தைத் தவிர வேறெங்கும் போகாததால் நதி கலங்கலாக இருந்தாலும் அதிகம் பாதிக்காது. கால் மணி நேர அளவில் ஒரு சுற்று முடியும், தகட்டைக் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். அதன் அடுத்த தலைமுறையான ஆவாக்ஸ் கருவி பல மருந்துகளை ஒரே தகட்டில், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் கீழே அளந்தது. நீரைச் செறிவாக்காமல் நேராகவே அளந்தது என்பது பெரிய காரியம்.

ஆனால் எதிர்ப்பொருளுக்குத் தெரிந்தது ஒரு மருந்துதான், மிஞ்சினால் அதன் நெருங்கிய சொந்தங்கள். அட்ரசினுக்குச் செய்தது இமிடாகுளோப்ரிடைப் பார்க்காது. நான் இங்கே சொல்பவற்றில் இராமன் ஒளிச்சிதறல் முறை ஒன்றுதான் இடையாளின் வாயால் கேட்காமல் மருந்தின் சொந்த அதிர்வையே படிக்கிறது. 1928-ல் சி. வி. இராமன் கண்ட அந்தச் சிதறல் மிக மங்கல். கரடுமுரடான வெள்ளிப் பரப்பின் மேல் அது பல மடங்கு பெருகும்; அந்தப் பரப்பில் அது பலமாகத் தெரிவதை 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் முதலில் கண்டார்கள். கந்தகம் உள்ள திராம் போன்ற பூஞ்சைக்கொல்லி வெள்ளியை இறுகப் பிடித்துக்கொள்வதால் அருமையாகத் தெரியும். வெள்ளியில் ஒட்டாத மருந்து தெரியாது.

இத்தனை குறையிருந்தும் இந்த உணரிகள் நமக்குக் கட்டாயம் வேண்டும் என்றே நான் சொல்வேன். ஏனென்றால் மருந்து குளத்துக்கு ஒரே சீராக வருவதில்லை. தெளித்த பிறகு பெய்யும் முதல் மழையில் வடிகால் வழியாக ஒரு மொத்தையாக வரும். சில மணி நேரத்தில் கடந்துபோகும், அல்லது குளத்தில் கலந்து, வெயிலில் சிதைந்து, சேற்றில் படியும். மாதம் ஒருமுறை வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும் அலுவலர் அந்த நேரத்தில் வர மாட்டார். ஆய்வகத்தில் இருக்கும் நிறைநிறமாலைக் கருவி, தண்ணீரை ஆயிரம் மடங்கு செறிவாக்கி நூற்றுக்கணக்கான மருந்துகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கும். ஆனால் எந்தத் தண்ணீர் கையில் கிடைத்ததோ அதைத்தான் பிரிக்கும். வடிகால் மதகில் உட்கார்ந்து இரவும் பகலும் பார்க்கும் உணரி துல்லியத்தில் குறைந்ததாக இருந்தாலும், "இப்போது ஏதோ வருகிறது, இந்தத் தண்ணீரைப் பிடித்து வை" என்று சொன்னால் போதும். டெல்டாவின் வடிகால்களில் அப்படி ஒன்றை வைக்க வேண்டியது அரசின் வேலை. அதற்கு மகளிர் குழுப் பணம் செலவாகக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது இது. அடுத்த முறை மருந்தடிக்கும்போது யார் வயலில், என்ன மருந்து, எந்தத் தேதி என்று உர மருந்துக் கடை ரசீதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் ஆய்வகத்துக்குப் போனால் "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சொல்ல வேண்டிவரும், செலவு கூடும். முதல் மழை வடிந்து வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில், தண்ணீர் ஓடும்போதே பிடியுங்கள். குளத்து நடுவில் ஒன்று, கைப்பம்பில் ஒன்று. கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், கரும்பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் சுவரில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். வாய் வரை நிரப்பி, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் இருட்டாக வைத்து, முடிந்தால் அன்றைக்கே அனுப்புங்கள். மருந்து டப்பாவைத் தொட்ட கையால் பாட்டிலைத் தொடவே கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்ப்பது உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு, கிருமி போன்றவை. பூச்சிமருந்து பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் இருக்கிறது. எழுதிக் கேட்டால் எந்த அளவில், எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள்.

கொதிக்க வைப்பது கிருமிக்கு. பூச்சிமருந்துக்கு அதை நம்ப முடியாது. சில கொஞ்சம் சிதையும், பல அப்படியே இருக்கும், நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட இருப்பதன் செறிவு கூடவும் செய்யும். செயலூட்டிய கரி உள்ள வடிகட்டி பெரும்பாலான மருந்துகளைப் பிடிக்கும், ஆனால் கரி நிறைந்ததும் பிடிப்பதை நிறுத்திவிடும். அது நின்றுவிட்டது என்று ருசியோ மணமோ சொல்லாது, ஆகவே தேதி எழுதி வைத்து மாற்ற வேண்டும். குளக்கரைக் கைப்பம்பு எத்தனை அடி ஆழம் என்று போட்டவரிடம் கேளுங்கள். ஆழம் குறைவு என்றால், சோதனை முடிவு வரும்வரை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் கொடுங்கள். அந்தப் பம்புத் தண்ணீரைத் துணி துவைக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.